பதினேழாவது வரி

2008 ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து ஐந்துக்கு, மறைமலை நகரில் கார்களுக்கு பிரேக் பட்டை செய்யும் தொழிற்சாலையின் நூற்று நாற்பத்திரண்டு கணினிகளிலிருந்தும் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பத்து பத்துக்கு இஞ்சி பூண்டு சேர்ந்தது. பத்தே காலுக்கு ஒரு பெண் குரல், மல்லித்தழை வாங்க மறந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டது. அந்தக் கணினிகளில் ஒன்றுக்கும் ஸ்பீக்கர் கிடையாது.

குரல் அஜீசாவுடையது. அவர் அப்போது கீழ்க்கட்டளையில் தன் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் சாஹிரா அந்தத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். இயற்பியல் பட்டதாரி. கூட்டத்தில் பேச வேண்டும் என்றால் முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். பிரேக் பட்டைகளை வாங்கும் கார் கம்பெனி, ஜூலை முதல் தேதி ஓர் ஆய்வாளர் வருவார், திருட்டு மென்பொருள் ஒன்று இருந்தாலும் ஆர்டர் ரத்து என்று கடிதம் எழுதியிருந்தது. இருந்தவை எல்லாம் திருட்டுதான். மேலாளர் ஸ்ரீநிவாசராகவன், கம்பெனிக்கென்று சொந்தமாக ஓர் இயங்குதளம் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் வேண்டியதை மட்டும் பொறுக்கி, தமிழ் எழுத்தும் ஸ்டோர்ஸ் பதிவேடும் சேர்த்து, சீட்டாட்டத்தை எடுத்துவிட்டு, ஒரே சிடியில் அடக்க வேண்டும். மற்றவர்கள் நழுவியதால் வேலை சாஹிராவிடம் வந்தது. யாராவது பின்னால் நின்றால் அவளுக்குக் கை ஓடாது. அதனால் வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் இருந்த பழைய கணினியிலேயே நான்கு மாதம் உட்கார்ந்து செய்து முடித்தாள்.

செய்து முடித்ததை அப்படியே பிரதி எடுக்கக் கூடாது. முதலில் சிலவற்றை அழிக்க வேண்டும். அவளுடைய பட்டியலில் பதினேழு வரிகள் இருந்தன. பதினாறை முடித்தபோது அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து, மிச்ச வரியை மறந்து பிரதி எடுத்து, தொழிற்சாலைக் கணினிகள் எல்லாவற்றிலும் போட்டாள். பதினேழாவது வரி, இந்தக் கணினி எது, எங்கே இருக்கிறது என்ற அடையாளத்தை நீக்குவது. அது நீங்காததால் நூற்று நாற்பத்திரண்டு கணினிகளும் தாங்கள் கீழ்க்கட்டளையில் அஜீசாவின் சாப்பாட்டு மேசைமேல் இருப்பதாகவே நம்பின.

கணவர் சௌகத் அலி இறந்த இரண்டு வருடமாக அஜீசா அதிகம் பேசியதில்லை. மகளிடம் இரண்டு வார்த்தை, சாப்பிடு, கதவைப் பூட்டு. இப்போது மேசைமேல் இருந்த கணினியிலிருந்து தொழிற்சாலைக் குரல்கள் கேட்டதும், யாரோ கூப்பிட்டதுபோல பதில் சொன்னார். ஸ்டோர்ஸில் இருந்த புஷ்பம்தான் முதலில் பேச்சுக் கொடுத்தது. “இன்னாக்கா, கண்ணெல்லாம் எரியுது. கொழம்புல எத்தினி மொளகா போட்ட?” “ரெண்டு கூடிப்போச்சு புஷ்பம். என் பொண்ணுகிட்ட சொல்லிடாத.” ஒரே வாரத்தில், சாஹிரா எட்டாம் வகுப்பு வரை விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள் என்பது தொழிற்சாலை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவள் மதியச் சாப்பாட்டை சர்வர் அறைக்கு மாற்றிக்கொண்டாள். ஸ்ரீநிவாசராகவன் வெள்ளிக்கிழமைகளில் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, “மட்டன் அன்னிக்கு எனக்கு மட்டும் வாசனையை ஆஃப் பண்ண செட்டிங் ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார்.

வாசனையைப் பொறுத்துக்கொண்டார்கள். மின்வெட்டைப் பொறுக்க முடியவில்லை. தினமும் இரண்டிலிருந்து மூன்று மணிவரை கீழ்க்கட்டளையில் மின்சாரம் போகும். தொழிற்சாலையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும், அந்த ஒரு மணி நேரம் நூற்று நாற்பத்திரண்டும் அணைந்து கிடந்தன. ஆய்வாளர் வருவது மதியம் என்று தெரிந்ததும் ஸ்ரீநிவாசராகவன் அவளைக் கூப்பிட்டார். “அந்த மிச்ச வரியைப் போட்டு முடிச்சிடும்மா. அவர் எதிர்ல எல்லாம் அணைஞ்சா ஆர்டர் போச்சு. அப்புறம் உன் கன்ஃபர்மேஷன்ல நான் எப்படி கையெழுத்துப் போடறது?”

பதினேழாவது வரிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புதிய சிடியை முதலில் புஷ்பத்தின் கணினியில் போட்டாள், அதிகம் பேசியது அங்கேதான் என்பதால். அன்று மாலை அஜீசா தட்டு வைத்துக்கொண்டே கேட்டார். “மத்தியானத்துலேர்ந்து புஷ்பம் பேசவே இல்லை. மாசமா இருக்கிற அவ பொண்ணுக்கு வலி எடுத்திருக்குமோ?” சற்று நேரம் கழித்து, “நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?” என்றார். சாஹிரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் பத்து ஐந்துக்கு மீதி நூற்று நாற்பத்தொரு கணினிகளில் வெங்காய வாசனை வந்தது. குரல் வரவில்லை. யார் கூப்பிட்டும் அஜீசா பதில் சொல்லவில்லை. சாஹிரா ஸ்டோர்ஸுக்குப் போனாள். “இன்னாம்மா பண்ண என் மிஷினை? மொட்டையா கீது,” என்றாள் புஷ்பம். சாஹிரா பழைய சிடியை எடுத்துத் திரும்பப் போட்டாள். பிறகு, யாரும் கூப்பிடாமலே, ஸ்ரீநிவாசராகவனின் அறைக்குப் போய் நின்றாள். “சார், அந்த வரியை நான் போடமாட்டேன். கரண்ட் போறதுதானே பிரச்சினை. எங்க வீட்டுல போகாம பார்த்துக்கலாம்.” அந்த அலுவலகத்தில் அவள் அதுவரை பேசியதில் நீளமானது அதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். வெளியே நூற்று நாற்பத்திரண்டிலும் அஜீசா புஷ்பத்தை நலம் விசாரிப்பது கேட்டது. கொள்முதல் படிவத்தை எடுத்து, இன்வெர்ட்டர் ஒன்று, பொருத்தும் இடம் கீழ்க்கட்டளை, என்று எழுதினார்.

ஜூலை முதல் தேதி இரண்டு மணிக்கு கீழ்க்கட்டளையில் மின்சாரம் போனது. எல்லாக் கணினிகளிலும் டக் என்று ஒரு சத்தம் கேட்டது, திரைகள் அணையவில்லை. ஆய்வாளர் ஒவ்வொரு கணினியாகப் பார்த்துவந்து, கடைசியில் நின்று மோந்து பார்த்தார். மீன் பொரிகிற நேரம். “இந்த வாசனைக்கு லைசென்ஸ் இருக்கா?” சாஹிரா வாய் திறப்பதற்குள் பதில் கணினியிலிருந்து வந்தது. “வீட்டுச் சமையலுக்கு என்னப்பா லைசென்ஸ்? நீங்க சாப்பிட்டீங்களா?” ஆய்வாளர் ‘உரிமம் தேவையில்லை’ என்று எழுதினார். பிறகு, இன்னும் சாப்பிடவில்லை என்றார்.

சாஹிராவின் பணி நிரந்தரமானது. புஷ்பத்துக்குப் பேரன் பிறந்தான். செப்டம்பரில் ஸ்ரீநிவாசராகவன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: ரம்ஜான் மாதம் முடியும்வரை பகலில் வாசனை வராது, ஆகவே மதிய உணவுக்கு மணி அடிக்கப்படும். அடுத்த வருட மழையில் அஜீசா வீட்டுக் கூரை ஒழுகி எல்லா விசைப்பலகைகளும் நனைந்தபோது, கம்பெனியே கொத்தனாரை அனுப்பியது. அதற்குப் பிறகு பராமரிப்பு அட்டவணையில், கம்ப்ரசர் அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவே, அந்த வீடும் ஒரு வரியாகச் சேர்ந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஃபிட்டர் ஒருவர் போய் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, டீ குடித்துவிட்டு, கையெழுத்து வாங்கி வருவார்.