காலடியில் ஈரம்

ராமதாஸுக்குப் பெண்டாட்டி லோகேஸ்வரி ஒருத்தி, எழுபத்து மூன்றாம் வருஷத்துப் பச்சை மோட்டார்க் காடி இன்னொருத்தி. "உங்க சின்ன வீட்டைக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் லோகேஸ்வரி காலையில் தேத்தண்ணியே கொடுப்பாள். வாய் அப்படிப் பேசினாலும், ஞாயிற்றுக்கிழமையானால் பூ வைத்துக்கொண்டு அந்தக் காடியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். மனுஷனுக்கு அது போதும்.

போன வாரம் தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து திரும்பும்போது பிரேக் பெடல் பொசுக்கென்று தரையோடு போய்விட்டது. கைபிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினார். "இனிமே இதுல ஏறினா என்னை ஏன்னு கேளுங்க!" என்று இறங்கியவள் டேக்சி பிடித்துப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பக்கத்தில் உட்காராத காடியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பிரேக் எண்ணெயை நிரப்பி, ஒரு சுற்று ஓட்டிவந்து பார்ப்பார், குறைந்திருக்கும். அடியில் விரித்த பேப்பரில் ஒரு சொட்டு கிடையாது. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. பாலத்துக்கு அக்கரையில் பிறை டவுனில் லோரி பட்டறை வைத்திருக்கும் இத்ரீஸ் பாய் போனில், "யாரையாச்சும் பெடலை மிதிக்கச் சொல்லிட்டு நீங்க அடியில பாருங்கண்ணே" என்றார்.

"காடி ஓடாது லா, சும்மா நிக்கும்" என்று கெஞ்சிக் கூத்தாடியபிறகு லோகேஸ்வரி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அந்தக் காடிக்குள் யாரும் செருப்போடு ஏறக்கூடாது, ஓட்டுகிறவரும் சேர்த்து. ராமதாஸ் போட்ட சட்டம்.

அவர் அடியில் படுத்துக்கொண்டு, "மிதி... விடு... மிதி" என்றார்.

"ஏங்க, இங்க என்ன சொதசொதன்னு இருக்கு? கால் வழுக்குது!"

எழுந்து ஓடிவந்து டார்ச் அடித்தார். பெடல் கம்பி வழியாக எண்ணெய் இறங்கி, கால்விரிப்பு முழுக்க ஊறியிருந்தது.

"அட, பெடலுக்குப் பின்னால இருக்கிற மாஸ்டர் பம்ப் ரப்பர் போச்சு! நான் வெளியில தேடித் தேடிச் சாகிறேன், இது உள்ளேயே ஒழுகியிருக்கு. என் ராசாத்தி!"

ராசாத்தி சிரிக்கவில்லை. "தினமும் வெறுங்காலோடதானே மிதிச்சீங்க? இவ்வளவு ஈரம் உங்களுக்குத் தெரியலையா?"

அவரை உட்காரவைத்து உள்ளங்காலில் நகத்தால் நறுக்கென்று கிள்ளினாள். அவர் காலை இழுக்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"இனிப்பு நீர் வியாதின்னா கால் மரத்துப்போறது சகஜம்தானே லா... சொன்னா, நீ கூட வரமாட்டேன்னு..."

"பாவி மனுஷா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, திட்டிக்கொண்டே அவர் காலைச் சோப்பு போட்டுக் கழுவினாள்.

இத்ரீஸ் பாய் வந்து புது பம்ப் மாட்டினார். அவர் காலைப் பார்த்த டாக்டர், இனி காடி ஓட்டவே கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை ராமதாஸ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஓட்டுகிற சீட்டில் லோகேஸ்வரி. மாக் மண்டினில் இருந்த பேக்டரிக்கு வேலைக்காகப் பாலம் தாண்டி வருஷக்கணக்காகக் காடி ஓட்டிப்போனவள்.

"என்ன பார்க்கிறீங்க? அந்தப் பக்கம் ஏறுங்க."

ஏறினார். முதல் சிக்னல் வருவதற்குள் அவர் வலது கால் இல்லாத பிரேக்கைப் பத்து தடவை மிதித்துவிட்டது. லோகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.