ரிஜெக்ட் போட்ட கை

நாலு தோலைப் புரட்டினால் போதும், மொத்தக் கட்டும் எப்படியென்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே என் குடும்பத்தை நாசமாக்கினேன், அதனால் சொல்கிறேன். பெயர் பூவரசன். ஆம்பூரில் ஒரு டேனரியில் பதினோரு வருடமாகச் செலக்டர். பதனிட்ட ஆட்டுத்தோல் என் மேசைக்கு வரும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்தில் சாக்பீஸால் தரத்தின் எண்ணைப் போடுவேன். உதவாததற்குப் பெருக்கல் குறி. மேலே இருக்கும் நாலைந்தில் அம்மைத் தழும்பைப் பார்த்துவிட்டால் மீதியைப் பிரிக்கவே மாட்டேன், கட்டு முழுக்க ரிஜெக்ட். நான் போட்ட எண்ணைப் படித்து அடுக்குகிறவன் ஜியாவுல்லா. "மீதியையும் பாருண்ணே, பாவம்" என்பான். "உன் வேலையப் பாருடா" என்று எரிந்து விழுவேன்.

எங்கள் மகள் ஓவியாவுக்கு நாலு வயது. ஒன்றரை வயதுவரை மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தாள். அப்பா என்றாள், பிஸ்கட்டைத் தானே பிடித்துத் தின்றாள். அப்புறம் பேச்சு நின்றது. பிஸ்கட்டைப் பிடிக்கக் கை மறந்துபோயிற்று. இப்போது அந்த இரண்டு கையும் நெஞ்சுக்கு நேராக, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, விழித்திருக்கும் நேரமெல்லாம் பிசைந்துகொண்டே இருக்கின்றன. அடிக்கடி வலிப்பு வேறு.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஓவியாவிடமும் என் மனைவி சௌமியாவிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஜீன் பரிசோதனை, ரிப்போர்ட் வர நாளாகும் என்றார்கள். அதற்குள் சௌமியாவுக்கு நாள் தள்ளிப்போயிற்று. இரண்டாம் மாதம்.

"வேணாம், கலைச்சிடலாம்" என்றேன்.

"மூணு வாரத்துல ரிப்போர்ட் வந்துடும்னு சொல்லிக்கிறாங்க. அதுவரைக்கும் பொறுங்களேன்."

"ரிப்போர்ட் இன்னா ரிப்போர்ட்? கண்ணு எதிர்லயே தெரியுதே! உன் வயித்துல வர்றது இப்படித்தான் வரும். இன்னொண்ணயும் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு இல்ல."

சொன்னது இந்த வாய்தான். நாலு நாள் அதையே சொல்லிச் சொல்லி அவளை அரித்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவளே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நர்சிங் ஹோமிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அந்த உசுராவது கஷ்டப்படாம போச்சே, அது போதும்." அதன் பிறகு ஓவியாவுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் அவளை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதையேதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று வாரம் என்றார்கள், சரியாக மூன்று வாரத்தில் போன் வந்தது. அன்றைக்குக் காலையிலேயே ஓவியாவுக்கு வலிப்பு. அதனால் சௌமியா வீட்டில் இருந்துகொண்டாள், நான் மட்டும் வேலூருக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் பெயர் தபஸ்ஸும், சின்ன வயசுப் பெண். அவசரமில்லாமல் பேசினார். "உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் எல்லா ஜீனும் இருக்கு சார். ஆனா எல்லாமே எந்நேரமும் வேலை செய்யக் கூடாது. எது அடங்கி இருக்கணும்னு டிஎன்ஏ மேல சின்னச் சின்ன அடையாளம் இருக்கும். அந்த அடையாளத்தத் தேடிப் போய் ஒட்டிக்கிற புரதம் ஒண்ணு உண்டு, எம்இசிபி-2ன்னு பேரு. அது ஒட்டினா அந்த ஜீன் அடங்கும். சில ஜீனைத் தூண்டி விடுறதும் அதே புரதம்தான். ஓவியாவுக்கு அந்தப் புரதத்துக்கான ஜீன்லயே ஓர் எழுத்து மாறிப்போயிருக்கு."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. நான் சாக்பீஸில் எண் போட்டால் மட்டும் போதுமா? படித்து அடுக்க ஜியாவுல்லா வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு அவன் லீவு போட்ட வாரம், மாற்றாக வந்தவன் எண்ணையே பார்க்காமல் கலந்து அடுக்கிவிட்டான், போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது. தோலிலும் குறையில்லை, எண்ணிலும் குறையில்லை.

"ஒன்றரை வருஷம் நல்லாதானே மேடம் இருந்தா?"

"மூளை வளர வளரத்தான் அந்தப் புரதத்தோட தேவை ஜாஸ்தி ஆகுது. அதான் முதல்ல தெரியல." பேப்பரைத் திருப்பினார். "உங்க மனைவி ரத்தத்துல இந்த மாற்றம் இல்ல. இது புதுசா விழுந்தது. பெரும்பாலும் அப்பாவோட விந்தணு உருவாகும்போது தற்செயலா விழும். யார் மேலயும் தப்பு இல்ல."

"அடுத்த குழந்தைக்கு?"

"திரும்ப வர்ற வாய்ப்பு நூத்துல ஒண்ணுகூட இல்ல. தைரியமா பெத்துக்கலாம்." நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில் சிரித்தார்.

கத்தி வெட்டு. ஆட்டை உரிக்கும்போது கத்தி நழுவி ஒரு தோலில் விழுகிற வெட்டு. அம்மை என்றால் மந்தைக்கே வந்திருக்கும், வெட்டு என்றால் அந்த ஒரு தோலோடு சரி. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். நான் ஒரு வெட்டைப் பார்த்துவிட்டு, பிரிக்காத கட்டுக்குப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். "அடப்பாவி" என்று என் வாய் சத்தமாகவே சொல்லிவிட்டது.

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்வரை பொய் சொல்வது என்றுதான் இருந்தேன். அடுத்ததும் இப்படித்தான் பிறந்திருக்குமாம், நாம் செய்தது சரி என்று சொன்னால் போதும், அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் மிஞ்சும். ஆனால் அவள் சாகிறவரை தன் வயிற்றையே பழித்துக்கொண்டு கிடப்பாள். அந்தப் பழியைப் போட்டவன் நான். எதைச் சொன்னாலும் அவள்தான் சாக வேண்டும், என்ன பிறவியடா நான் என்று இருந்தது.

வீட்டில் சௌமியா ரசம் சாதத்தை மசித்து ஓவியாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். "உன் மேல தப்பு இல்ல சௌமி. உன் ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. வந்திருந்தா என் பக்கத்துல இருந்துதான் வந்திருக்கும்."

கரண்டி அப்படியே நின்றது. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் அவள் கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"அப்போ... அது?"

அப்போதுகூடப் பொய் சொல்லியிருக்கலாம்.

"நல்லாதான் பொறந்திருக்கும்" என்றேன்.

கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் முந்தானையால் ஓவியாவின் வாயைத் துடைத்தாள். அடுத்த கரண்டியை ஊட்டினாள். குழந்தை விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக் கொடுத்தாள். ஓவியா கைகளைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"மூணு வாரம்தானங்க கேட்டேன்" என்றாள் சௌமியா.