முதலில் தூங்குகிறவள்

மாதத் தொடக்கத்தில், தோழிகள் 'நெட்டை' என்று கூப்பிடுகிறவள் கொட்டாவி விட்ட படத்தை யாரோ நீர்யானையின் உடம்பில் ஒட்டி வகுப்பின் ஃபோன் குழுவில் போட்டார்கள். 'முதல்ல தூங்கினவளுக்குப் பரிசு' என்று கீழே ஒரு வரி. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நெட்டை வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு நாள் வீட்டோடு கிடந்தாள்.

அன்றிலிருந்து நான்கு தோழிகளும் தூக்கத்தை மறந்தார்கள். நெட்டை, ஓயாமல் காதில் ரீங்காரமிடும் கொசு, பேச ஆரம்பித்தால் அறுத்துத் தள்ளும் பிளேடு, நான்காவதாக நம்முடையவள். ஃபோனில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் விழித்திருக்கிறாள் என்று அர்த்தம். கண்ணயர்ந்தாலும் திடுக்கிட்டு விழித்து ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் படமும் வரவில்லை. யாரும் முதலில் தூங்காததால்தான் வரவில்லை என்று நால்வரும் நம்பினார்கள்.

எல்லோரையும்விடத் தாக்குப்பிடித்ததால் நம்முடையவளுக்கு ஆந்தை என்று பெயர் வந்தது. பெயரில் பெருமை இருந்தது, உடம்பில்தான் ஒன்றுமில்லை. கரும்பலகையில் எண்கள் எறும்புபோல ஊர்ந்தன. 'சாப்பிட்டியா?' என்று கேட்டாலே அழுகை முட்டியது. நெஞ்சுக்குள் யாரோ ஓயாமல் கதவைத் தட்டுவதுபோல் ஒரு படபடப்பு. அம்மா கேட்டால் 'பரீட்சை' என்பாள். படுக்கப் போகுமுன் அம்மா வாங்கி அலமாரியில் வைக்கும் ஃபோனை, அவள் குறட்டை கேட்டதும் எடுத்து வந்துவிடுவாள். காலையில் அதைத் தலையணை உறைக்குள் தள்ளிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். பள்ளியில் ஃபோனுக்கு அனுமதியில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது கட்டில் மொட்டையாக இருந்தது. விரிப்பும் இல்லை, உறையும் இல்லை. அம்மா வேலை பார்ப்பது சலவைக்கடையில். மெஷினில் இடம் மிஞ்சுகிற நாளில் வீட்டுத் துணியையும் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். உறைக்குள்தான் ஃபோன் இருந்தது. ஆந்தை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

கடைக்குள் வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும். நான்கு மெஷின்களில் மூன்று அமைதியாகச் சுற்றின. கடைசி மெஷின் மட்டும் 'டொக்... டொக்...' என்றது.

"அப்பத்துலேர்ந்து இப்படித்தான் சத்தம் போடுது. உள்ள ஏதோ பேரிங் போச்சு போல" என்றார் இஸ்திரிக்கார அண்ணன்.

"பேரிங் இல்ல" என்றாள் ஆந்தை. "என் ஃபோன்."

அம்மா அப்படியே நின்றாள். அந்தக் கடையில் அவள் கை படாத பாக்கெட் கிடையாது. பேனா, சாவி, சில்லறை, ஒருமுறை பல்செட்கூட எடுத்திருக்கிறாள். ஆனால் தலையணை உறைக்குப் பாக்கெட் ஏது?

"நிறுத்தும்மா!"

"பாதியில கதவு திறக்காதுடி. தண்ணி வடியணும்."

மூவரும் வட்டக் கண்ணாடி முன் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நுரைக்குள் ஃபோன் ஒருமுறை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முழுகியது.

"பொறந்ததுலேர்ந்து இவ்வளவு சுத்தமா இருந்திருக்காது" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்தபோது அது பளபளவென்று இருந்தது, உயிர் மட்டும் இல்லை. திட்டுவதற்கு வாயெடுத்த அம்மா, மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "ஃபோன் போனா போகுது. எதுக்குடி இப்படி நடுங்குற?"

"இன்னிக்கு என் புள்ளி எரியாதும்மா, நான்தான் முதல்ல தூங்கினவ. நாளைக்கு என் படம் வரும்." விம்மி விம்மி எல்லாவற்றையும் கொட்டினாள்.

அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "நீ எப்பதான் தூங்குவ?"

"அவங்க தூங்கினப்புறம்."

"அவங்க?"

"நான் தூங்கினப்புறம்."

"வெளங்கிடும்" என்றார் அண்ணன், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடி.

அம்மாவுடையது வெறும் பொத்தான் ஃபோன், அதில் பச்சைப் புள்ளி எரியாது. உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்த விரிப்புகளை மேசையில் குவித்து, "இந்த முனையப் புடி" என்றாள். விரிப்பு சுடச்சுட இருந்தது. மூன்றாவது விரிப்பை மடிக்கும்போது எதிர்முனை தொய்ந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். மகள் துணிக்குவியலில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கடை சாத்தும்போது கைத்தாங்கலாக வீட்டுக்கு நடத்திப்போனதும், கட்டிலில் கிடத்தியதும் அவளுக்கு நினைவே இல்லை.

காலையில் கண் லேசாக இருந்தது. பள்ளி வாசலில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஓடிவிடலாமா என்று நினைப்பதற்குள் கொசு வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? புள்ளியே இல்ல!"

"என் படத்த எதுல ஒட்டுனீங்க?" என்றாள் ஆந்தை. "சொல்லிடுங்க. கழுதையா, பன்னியா?"

"ஆந்தையே அணைஞ்சிருச்சு, அப்புறம் யாருக்குப் பயப்படணும்னு நான் படுத்துட்டேன்" என்றாள் நெட்டை.

"நானுந்தான்" என்றாள் பிளேடு. அவள் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அது.

கொசு மட்டும் தரையைப் பார்த்தாள். "நெட்டை படத்தப் போட்டது நான்தான். விளையாட்டுக்குத்தான் போட்டேன். அப்புறம் நான் கண்ண மூடினா நீங்க திருப்பிப் போட்டுடுவீங்களேன்னு... சத்தியமா நேத்துதான் தூங்கினேன்."

"அடிப்பாவி!" என்று நெட்டை புத்தகப்பையால் ஒரு போடு போட்டாள். இரண்டாவது போடு விழுவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆந்தைக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று வந்தது. நெஞ்சுக்குள் தட்டிக்கொண்டிருந்த ஆள் அலுத்துப்போய் இறங்கிப் போனதுபோல் இருந்தது.

கணக்கு டீச்சர் கண்ணாடியை இறக்கிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். "நாலு பேரும் முழிச்சிருக்கீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மாலையில் வாசலில் பிரியும்போது மறுபடி ஒரு தயக்கம். அன்றைக்கு யார் முதலில் புள்ளியை அணைப்பது?

"இப்பவே சொல்லிடலாம்" என்றாள் ஆந்தை. "எல்லாரும் ஒண்ணா. அப்ப யாரும் முதல் இல்ல."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான்கு பேரும் கைகோத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரே குரலில் கத்தினார்கள்:

"குட் நைட்!"