கிர்ஷன்வைலர் ஊர் ஒன்றியம், பிரித்தானியக் கிளை

லண்டனில் ஊர்ச்சங்கம் இல்லாத யாழ்ப்பாணத் தமிழன் ஒருவனைக் காட்டுங்கள், நான் விருந்து வைக்கிறேன். ஒழுங்கைக்கு ஒரு சங்கம் இருக்கிறது. எங்களுக்கு அதுவும் போதவில்லை. எண்பதுகளில் ஜேர்மனியில் அகதியாக இறங்கி, முந்நூறு பேரும் அதைவிடக் கூடுதலான மாடுகளும் வாழ்ந்த கிர்ஷன்வைலரில் குளிரில் விறைத்து, பிறகு லண்டன் வந்து சேர்ந்த பதினாலு குடும்பங்கள் அதற்கும் ஓர் ஒன்றியம் தொடங்கினோம். பெயரில் 'பிரித்தானியக் கிளை' என்று இருக்கும். தலைமையகம் எங்கே என்று கேட்காதீர்கள்.

பத்தாவது ஆண்டு மலருக்கு ஊர் வரலாறு எழுதும் பொறுப்பு கஸ்பர் ஆகிய என் தலையில் விழுந்தது. ஒரு வருட லீவெல்லாம் அதற்கே போனது. சுவீடன் படை எரித்த தேவாலயம், அதன்மேல் திரும்பக் கட்டிய வெங்காய வடிவக் கோபுரம், ஊர் வழக்குத் தீர்த்த நானூறு வயது லிண்டன் மரம், வெண்ணெய் வியாபாரி குத்துப்பட்டுச் செத்த இடத்துக் கற்சிலுவை, எல்லாம் தேடித் தேடி எழுதினேன். செயற்குழு அதை ஒரு பக்கமாகச் சுருக்கியது. மிச்சப் பக்கங்களில், தலைவர் யோகலிங்கம் கொழும்புக்கு முதன்முதல் கோல் எடுத்த ரெலிபோன் பெட்டி ஊரின் தலையாய சின்னமாக வந்தது. அதன் முன்னால் தலைவர், கோட்டுடன், நாலு கோணத்தில். போகட்டும், என் பெயர் அச்சில் வந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு ஒரு கிழமை முன்னால் யோகலிங்கம் போன் எடுத்தார்.

"கஸ்பர் அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் சட்டி கழுவி இருந்த விடுதி ஓடைக்கு அங்காலை. அது கீழூர், உண்டர்வைலர்; எங்கடை கிர்ஷன்வைலர் மேலூர். ஒன்றிய யாப்பு விதியின்படி நீங்கள் எங்கடை ஊர் இல்லை. பேர் போட ஏலாது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? நடுவிலை ஒரு சின்னப் பாலம்தானே? ஏழு வருசம் உங்கடை சேர்ச்சிலைதான் பூசை கண்டனான்!"

"பூசை வேறை, ஊர் வேறை அண்ணை."

பிறந்த ஊரை ஆமி பிடித்தது. சட்டி கழுவிய ஊரை யோகலிங்கம் பிடித்தால் மனிதன் எங்கேதான் போவது?

"விட்டுத் தள்ளுங்கோப்பா. பேர் அச்சிலை வராட்டி சோறு இறங்காதோ?" என்றாள் மனைவி டொலறஸ்.

இறங்கவில்லைதான். அதனால்தான் விழாவுக்குப் போனேன்.

கிங்ஸ்பரியில் மண்டபம். பிரதம விருந்தினர் கிர்ஷன்வைலரின் ஊர்த்தலைவி பிறிகிற்றே. மாலை போட்டு, மேளம் அடித்து அழைத்து வந்தார்கள். விளக்கேற்ற முன் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், பேச, யோகலிங்கம் மொழிபெயர்த்தார்.

"முப்பத்தொரு வருசமாய் அங்கை இருக்கிறன். எண்டாலும் நான் பிறந்தது கீழூரிலை. கலியாணம் கட்டி மேலூருக்குப் போனவள். என்னை இன்னும் வந்தான் வரத்தான், பிற ஊராள் எண்டுதான்…"

யோகலிங்கத்தின் வாய் பாதியில் நின்றது. செயலாளர் சிவனேஸ்வரி யாப்பை விரித்தார். ஏழாம் விதி: விளக்கேற்றுபவர் ஊரவராக இருத்தல் வேண்டும். மேடையில் ஐந்து நிமிடம் குசுகுசுத்தார்கள். கடைசியில் யோகலிங்கமே விளக்கை ஏற்றினார். மாலையும் கழுத்துமாக நின்ற பெண்மணியை மெல்லப் பின்வரிசைக்கு நகர்த்தினார்கள்.

அங்கேதான் நானும் இருந்தேன். றோல்ஸ் பலகாரத் தட்டை நீட்டி, எனக்கும் இதே கதிதான் என்று டொச்சில் சொன்னேன். உண்டர்வைலரில் எந்த விடுதி என்று கேட்டார். சொன்னதும் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அவர் டொச்சில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது:

"அது என்ரை அப்பான்ரை விடுதியெல்லோ! சட்டி கழுவேக்கை பாட்டைப் பிழையாய்ப் படிக்கிற கஸ்பரோ? நீங்கள் எங்கடை ஊர் ஆள்!"

நாற்பது வருடத்தில் எவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நான் அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

கார் நிறுத்துமிடத்திலேயே, மலரின் பின்னட்டையில் எழுதி, உண்டர்வைலர் ஒன்றியத்தைத் தொடங்கினோம். அவர் தலைவி, நான் செயலாளர். முதல் விதி என்ன போடுவோம் என்று கேட்டேன்.

"மேலூர்க்காரர் ஒருத்தரும் வேண்டாம்," என்றார் உடனே.

எனக்கும் கை துருதுருத்தது. "அவையைக் கலியாணம் கட்டினவையும் வேண்டாம்," என்று இரண்டாம் விதியையும் ஒரே மூச்சில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

பேனையை மூடிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப தலைவர் ஆர்?" என்று கேட்டார்.