ஏரிக்கு அந்தப் பக்கம் ரேடியோ

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அருள்ராணி டீச்சருக்கு யாரையும் சும்மா இருக்கவிடத் தெரியாது. ஏதாவது கேட்டுப் பேசவைத்துவிடுவார். ஊரே கொண்டாடிய அந்தப் பாடகர் இறந்து அன்றோடு மூன்று வருஷம். போனைத் திறந்தால் அவர் முகம்தான். மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும் டீச்சர் சத்துணவுக் கூடத்துக்கு வந்தார்.

"அவர் போயிட்டார்னு கேட்டப்ப நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?"

டீச்சர் அரூர் பஸ்ஸில் இருந்தாராம். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அவர் பாட்டையே போட்டாராம். என்னோடு சமைக்கும் செல்லி, பாப்பாரப்பட்டி சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். அடுத்து நான். ஆனால் செல்லி முந்திக்கொண்டாள்.

"அமுதாக்காவோட அண்ணனும் அதே நாளுதாங்க டீச்சர். இவங்க சாவு வூட்ல இருந்திருப்பாங்க."

செல்லி வேறு ஊர்க்காரி. அவளுக்குத் தேதி மட்டும்தான் தெரியும். டீச்சர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஆமாங்க டீச்சர், அங்கதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, தேய்த்த குண்டானையே மறுபடி தேய்த்தேன். வாய் கூசாமல் சொன்ன பொய். அன்று நான் அங்கே போகவே இல்லை.

சாகும்போது மாது அண்ணனுக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. தப்பு என்னுடையது. என் மகள் காவியாவுக்குக் காது குத்தும் அன்று, நல்ல நேரம் முடியப்போகிறதே, தாய்மாமனைக் காணோமே என்று எனக்கு ஆத்திரம். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டேன். கம்மல் வைத்த சீர்த்தட்டோடு அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். தட்டைக் கோயில் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பிறகு அவர் வரட்டும் என்று நான், நான் வரட்டும் என்று அவர். அவர் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம், என் ஊர் இந்தப் பக்கம். வீம்புக்கு மட்டும் எங்கள் குடும்பத்தில் பஞ்சமே இல்லை.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் முதல் வேலை ரேடியோ கட்டுவது. மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி சோகப்பாட்டு போட்டுவிட்டால் சுற்றியிருக்கும் ஊர்களுக்கெல்லாம் சேதி போய்விடும். பேச்சு இல்லாத பங்காளிகூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து போக வேண்டும், தனியாக யாரும் வந்து அழைக்க மாட்டார்கள். அந்த ரேடியோவில் ஓடுவதும் வருஷக்கணக்காக அந்தப் பாடகர் பாட்டுத்தான்.

அவர் இறந்த அன்று ஊருக்கு ஊர், கூட்டு ரோட்டுக்குக் கூட்டு ரோடு பையன்கள் படம் வைத்துக் குழாய் கட்டிவிட்டார்கள். ஏரிக்கு அந்தப் பக்கமும் கேட்டது. வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மறுநாள் காலை பால் ஊற்றப் போனபோதுதான் சொசைட்டிக்காரர் கேட்டார். "நேத்து உங்கண்ணன எடுத்தாங்களே, ஏம்மா நீ வரல?"

பால் கேனை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வாசல் கழுவி முடித்திருந்தார்கள். அண்ணி குள்ளம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாடகருக்கு என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே அது நொண்டிச் சாக்காகப் பட்டது. சொல்லாமலே வந்துவிட்டேன். கேட்டும் வராதவள் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் டீச்சரிடம் சொன்ன பொய்யை அப்படியே விட முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஏரிக்கரை மேல் நடந்தேன்.

அண்ணி மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அன்னைக்கு எனக்கு ரேடியோ கேட்டுச்சுங்க அண்ணி. பாட்டுக்காரருக்குப் போடறாங்கன்னு நெனச்சிட்டேன். சத்தியமா அண்ணனுக்குன்னு தெரியாது."

அரிவாள் நின்றது.

"எங்க இருந்த?"

"வாசல்லதாங்க. புளி தட்டிக்கிட்டு இருந்தேன்."

"பாட்டு கேட்டு அழுதியா?"

"அழுதேங்க."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் அன்னைக்கு அப்படித்தான் நெனச்சேன், மொதல்ல. ஊரெல்லாம் பாட்டு ஓடுது, இவளுக்கு எது எதுன்னு தெரியாம போயிருக்கும்னு. அதான் மதியத்துக்கு மேல ரேடியோக்காரன மரத்துல ஏறச் சொல்லி, ரோட்டப் பாத்து இருந்த குழாய உங்க ஊர்ப் பக்கம் திருப்பச் சொன்னேன். நல்லா சத்தம் வைடான்னேன். நாலு மணிக்கு எடுக்கணும்னாங்க. எங்க அமுதா வந்துருவா, இருங்கன்னு அஞ்சரை வரைக்கும் நிறுத்தி வெச்சேன். அப்பறமும் நீ வரலன்னதும்தான் எனக்கு மனசு வுட்டுப்போச்சு."

நான் சோளத்தட்டுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் பாட்டுச் சத்தம் திடீரென்று கூடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பரவாயில்லை, அந்த ஊர்ப் பையன்கள் பாடகருக்கு நன்றாகத்தான் செய்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். புளியைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, இருட்டும் வரை வசதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.