சவுரியம்மாள் அக்காவின் கோபுரக் கொண்டை

சவுரியம்மாள் அக்காவின் உயரம் ஐந்தடி. கொண்டையோடு சேர்த்தால் ஐந்தரை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகிகள் உச்சந்தலையில் தூக்கிக் கட்டுவார்களே, அந்தக் கோபுரக் கொண்டை. ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைனில் அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து, மூன்று வருஷமாக நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. "மணி இன்னாக்கா?" என்று தினமும் கேட்டு வம்பிழுப்பேன். புதிதாகச் சேரும் பெண்களோ எப்படிக் கட்டுவது என்று கேட்டு அவர் பின்னாலேயே சுற்றுவார்கள். அக்கா சொல்லித் தரமாட்டார். அவிழ்த்து யாரும் பார்த்ததும் கிடையாது. வீட்டுக்காரர் தேவசகாயமே பார்த்திருக்க மாட்டார் என்பது எங்கள் கேலி.

போன வியாழக்கிழமை என் மெஷினில் ஊசி உடைந்தது. நாங்கள் தைப்பது குழந்தைகள் ஷூ. உடைந்த துண்டெல்லாம் கிடைத்தால்தான் லைன் மறுபடி ஓடும். முனையை மட்டும் காணோம். செக்கிங் பார்க்கும் ஃபைஸான் இரும்பு இருந்தால் கத்தும் டிடெக்டரோடு ஒவ்வொரு இடமாக வந்தான். அக்கா தலைக்கு மேல் அது கத்தியது.

"அது ஹேர்பின்னுப்பா," என்று அக்கா கொண்டையைக் கையால் மூடிக்கொண்டார்.

பின்னா, ஊசியா என்று அவிழ்த்தால்தான் தெரியும் என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. கிடைக்காவிட்டால் காலையிலிருந்து தைத்ததெல்லாம் வீண், மெமோ எனக்கு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஃபைஸானைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பின்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

மொத்தம் முப்பத்தொரு பின். உள்ளே முஷ்டியளவு ஸ்பான்ஜ். அதில் என் ஊசிமுனை குத்தி நின்றது. தோளில் விழுந்த முடி என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அக்கா பிடரியில் சின்ன முடிச்சோடு வந்தார். தலை நிமிரவே இல்லை. கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாப்பாட்டு வேளையில், கேட்காமலே அவர் பையிலிருந்து ஸ்பான்ஜை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

"வேணாம்டி. எல்லாம்தான் பாத்துட்டாங்களே."

புதுப் பெண்கள் இரண்டு பேர் அதற்குள் பின்களை எடுத்து நீட்டினார்கள். சாப்பாட்டு நேரம் முழுக்கப் போயிற்று. கொண்டை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நின்றது.

வேலை தொடங்கியதும் அக்கா திரும்பாமலே கேட்டார். "மணி இன்னாடி?"

"தெரியலக்கா."