இல்லாத கணவனின் சாவு

1

ஜூன் 9, செவ்வாய். நேற்று மாலை எழுத்து வகுப்பில் என் கதையை வாசித்தபோது ஒரு தவறு தெரிந்தது. முதல் பக்கத்தில் காலுறை திருடிய டோர்கஸ், மூன்றாம் பக்கத்தில் சால்வை திருடியிருக்கிறாள். காலுறை என்றே திருத்திவிட்டேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எதைத் திருடினாலும் ஏழு ஆண்டுத் தண்டனைதான், இங்கிலாந்திலிருந்து கடல்கடந்த கைதிகள் குடியேற்றமான ஹோபார்ட்டுக்குக் கப்பல்தான். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

இந்தக் கதை ஆவணக் காப்பகத்திலிருந்து வரவில்லை. நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஷெரில் என்று ஒருத்தி. கணவன் கிடையாது, கல்யாண மோதிரம் உண்டு. "இது இருந்தா பஸ்ல எவனும் வந்து வழிய மாட்டான்" என்றாள். மேற்கொண்டு கேட்க அன்று எனக்குத் தெம்பில்லை. [கேட்டிருந்தால் எழுத வேண்டியிருந்திருக்காது.]

2

மாலுமிகள் நெருங்காமலிருக்க, தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாக டோர்கஸ் பயணம் முழுக்கச் சொல்லிவந்தாள். கரை இறங்கியதும் குமாஸ்தா கேட்டபோது, பழக்கத்தில் அவரிடமும் அதையே சொன்னாள். கணவன் பெயர் சைலஸ், கிணறு வெட்டுபவன். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

மூன்று ஆண்டுகள், கைதிப் பெண்களின் சலவைத் தொட்டியருகே, சைலஸ் வளர்ந்தான்.

"அடியே, உன் புருஷன் குடிப்பானா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்."

"அடிப்பானா?"

"கையை ஓங்கினதே இல்ல."

"அப்ப அவன் புருஷனே இல்லடி" என்றாள் மெர்சி. டோர்கஸின் ஊர்க்காரி, போன வருடக் கப்பலில் வந்தவள். தொட்டியைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். டோர்கஸும் சிரித்தாள் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

3

இப்போது ஏனோக். தண்டனை முடிந்த மரம் அறுப்பவன். அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான். கல்யாணம் நடந்தால் அவள் அவனோடு வெளியே போகலாம். நடக்காவிட்டால் இன்னும் நான்கு ஆண்டுகள் சலவைத் தொட்டி. சைலஸ் உயிரோடிருக்கும்வரை பாதிரியார் அனுமதிக்க மாட்டார்.

"அப்படி ஒருத்தனே கிடையாதுன்னு சொல்லிடு" என்றான் ஏனோக், வேலிக்கு அப்பாலிருந்து.

"சொன்னா இருட்டறைல போடுவாங்க. அப்புறம் என் பேச்சை எவன் நம்புவான்?"

"அப்ப அவனைச் சாகடிச்சிடு."

"எப்படி?"

"கிணறு வெட்டுறவன்தானே. ரொம்ப யோசிக்காத."

தான் சாட்சி சொல்வதாக மெர்சி ஏற்றுக்கொண்டாள்.

4

பாதிரியார் முன் நடப்பதை மூன்று முறை தொடங்கினேன்.

டோர்கஸ் தலை நிமிர்ந்து, உண்மையை

இல்லை. இது வகுப்பில் கைதட்டு வாங்குவதற்கு.

பாதிரியார் கனிவோடு புன்னகைத்து

களைத்துப்போனால் எனக்குக் கனிவான பாதிரியார்கள் வந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது:

"உன் புருஷன் எப்படிச் செத்தான்?"

"மண் சரிஞ்சு, ஐயா."

"பார்த்தவங்க யாரு?"

மெர்சி முன்னால் வந்தாள். "நான் பார்த்தேன் ஐயா. மேல தூக்கினப்ப வாயெல்லாம் மண்ணு."

டோர்கஸ் அழுதாள். [இது என் திட்டத்தில் இல்லை. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.] இந்த ஊரில் மூன்று ஆண்டுகள் அவளோடு இருந்தவன் சைலஸ் ஒருவன்தான். பாதிரியார் அந்த அழுகையை நம்பிப் பேனாவை எடுத்தார்.

"சரி. இவனைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

டோர்கஸ் ஏனோக்கைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை வேலி வழியாக மட்டுமே பார்த்த முகம். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

5

பதிலை எழுதவில்லை. நான் சொன்னால் கதை முடிய வேண்டுமே என்பதற்காகத்தான் சொல்வேன். நீங்கள் சொல்லுங்கள். ஆனால் சைலஸைப் பற்றித் தெரிந்த அளவுகூட ஏனோக்கைப் பற்றி அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அது என் குறை.

நாளை: வேலை முடிந்ததும், ஏனோக் மரம் அறுக்கும் காட்சி ஒன்று எழுத வேண்டும். ரம்பம் உடைய வேண்டும். அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.